முன்தண்டுக்காரரின் செருப்பு

கமலாட்சி யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள். பால் ஊற்ற வருகிறவர் கால், கரண்டுக் கணக்கு எடுக்க வருகிறவர் கால் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று சொல்லத் தெரியாது. குதிகாலில் பித்தவெடிப்பு இருக்கிறது, கவனிக்காமல் விட்டால் கஷ்டம் என்று சொல்வாள். இது பிறவிக் குணம் இல்லை. அவளுடைய அப்பா குமாரசாமிக்கு வலது கால் கட்டைவிரலை எடுத்த பிறகு வந்தது.

பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டில் சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் ஒரு வேலை உண்டு. தறிச் சத்தம் நின்றுவிடும். குமாரசாமி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் முக்காலி மேல் நீட்டுவார். கமலாட்சி எதிரே தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்ப்பாள். விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்து, பாவில் அறுந்த இழை தேடுவதுபோலத் தேடுவாள். வெள்ளை வேட்டித் துண்டால் உள்ளங்காலைத் துடைத்து, துண்டில் ஈரமோ கறையோ ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். குமாரசாமிக்குக் கண்ணிலும் சர்க்கரை இறங்கிவிட்டது. முகம் தெரியும், முகத்தில் இருக்கிற மரு தெரியாது. அதனால் தன் கால் செய்தியை மகளிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"எல்லாம் இருக்குதாம்மா?"

"ஒன்பது இருக்குதுப்பா."

"நேத்தும் அதான சொன்ன?"

"நேத்தும் ஒன்பதுதான் இருந்துது."

அதற்குப் பிறகு வயிற்றில் ஊசி, அதற்குப் பிறகு சாப்பாடு. கமலாட்சி பகலெல்லாம் தார் சுற்றுகிறவள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் பட்டு இழையைச் சுற்றித் தருவது அவள் வேலை. அவளுடைய வீட்டுக்காரர் அப்பாதுரை, மாமனார் தறியிலேயே உட்கார்ந்து நெய்கிறவர். அதிகம் பேசமாட்டார். பேசுகிற நேரத்தில் நாலு ஊடை இழை போடலாம் என்பது அவர் கட்சி.

இந்தக் கால் ஒரு காலத்தில் தெருவுக்கே பெருமையான கால்.

தெருக்கோடியில் ஈசுவரன் கோயில் ஒன்று உண்டு. காஞ்சிபுரத்துப் பெரிய கோயில்களுக்கு நடுவில் இது சின்னது. ஆனாலும் சித்திரையில் பத்து நாள் உற்சவம் ஒரு குறையும் இல்லாமல் நடக்கும். சாமியை வாகனத்தில் வைத்துத் தோளில் தூக்கி வீதி சுற்றி வருகிறவர்களுக்குச் சீர்பாதம் என்று பேர். அந்தத் தெருவில் நெய்கிறவர்கள்தான் பரம்பரையாகச் சீர்பாதம். குமாரசாமி கல்யாணம் ஆவதற்கு முன்பே வாகனத்தைத் தாங்குகிற தண்டுக்குத் தோள் கொடுத்தவர். போகப் போக முன்தண்டில் வலது பக்கம் அவருக்கே என்று ஆகிவிட்டது. முன்தண்டுக்காரர் என்று கேட்டால் பூக்கடை வரைக்கும் வழி சொல்வார்கள்.

சித்திரை வெயிலில் தார் ரோடு எப்படிக் காயும் என்று யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. சாமி தூக்குகிறவர் செருப்புப் போடக்கூடாது. வெயில் ஏறிவிட்டால் சாமி மேலே அமைதியாகப் போவார். கீழே இருக்கிற கால்கள் எல்லாம் வாணலியில் விழுந்த கடுகு மாதிரி குதிக்கும். வீட்டுக்கு வீடு பெண்கள் குடத்தோடு நின்று அந்தக் கால்களில் தண்ணீர் ஊற்றுவார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் உற்சவத்தில் எல்லாரும் குதித்தபோது குமாரசாமி மட்டும் குதிக்கவில்லை. பூப்பந்தலின் கீழே நடக்கிறவர் மாதிரி நடந்து வந்தார். எதிர்வீட்டுப் புவனேஸ்வரி குடத்தைச் சாய்க்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"எனக்கு வாணாம்மா," என்றார் குமாரசாமி. "பின்னால ஆளுங்க துள்ளிக்கினு வராங்க பாரு, அவங்களுக்கு ஊத்து."

"சுடலையா மாமா?"

"இன்னா சுடுது? பஞ்சு மேல நடக்குற மாதிரி கீது."

புவனேஸ்வரி குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலத்துக்குள் செய்தி தெருவைச் சுற்றி வந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவர் காலில் தண்ணீர் ஊற்றுவது அவருக்காக இல்லை, ஊற்றுகிறவர்களுக்காக என்று ஆயிற்று. ஊற்றின தண்ணீரில் கொஞ்சம் தொட்டுப் பிள்ளைகள் தலையில் தெளித்தார்கள். புவனேஸ்வரியின் மகன் பத்தாவதில் கணக்கில் பாஸ் ஆனான். அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரே ஆச்சரியப்பட்டார்.

குமாரசாமி அலட்டிக்கொள்ளவில்லை. "இத்தினி வருசம் தூக்கினேனே, அதுக்கு அவரு செய்யறாரு," என்று ஒரே தடவை சொன்னார். அதோடு சரி. அதற்குப் பிறகு தினமும் கோயிலுக்குப் போய் வெறுமனே நின்றுவிட்டு வருவார். ஒன்றும் கேட்கமாட்டார். கிடைத்துவிட்டவர் எதைக் கேட்பார்?

சர்க்கரை அவருக்கு அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே உண்டு. மாத்திரை போடுவார், மறந்தும் போவார். பிரசாதத்தில் எவ்வளவு வெல்லம் இருந்தாலும் அது சர்க்கரைக் கணக்கில் சேராது என்று நம்பினார். கால் மரத்துப் போவதும் சர்க்கரையின் வேலைதான் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தறிக்குழியில் உட்கார்ந்தால், மிதிகட்டை மேல் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு மிதிப்பார். அப்பாதுரை அதைக் கவனித்தார். மாமாவுக்கு வேலையில் கவனம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், உற்சவம் முடிந்த வாரம், கமலாட்சி காலையில் கூடத்தில் செக்கச்செவேல் என்று ஏதோ சிந்தியிருப்பதைப் பார்த்தாள். அப்பாதுரை குங்குமத்தைக் கொட்டிவிட்டார் என்று அவரைத் திட்டிக்கொண்டே துடைத்தாள். அவர் வழக்கம்போலப் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையிலும் இருந்தது. இந்தத் தடவை சிந்தினதில் விரல்கள் தெரிந்தன. தறியிலிருந்து சாமி படம் வரைக்கும், சாமி படத்திலிருந்து பின்கட்டு வரைக்கும், வலது பாதமாகவே போயிருந்தது.

"அப்பா, கால காட்டு."

"காலுக்கு இன்னா? நல்லாத்தான் கீது."

காட்டினார். கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நித்யா சின்ன வயசுப் பெண். பொறுமைசாலி. இடுக்கியை விட்டு விரலுக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒன்றை இழுத்தாள்.

"இது எப்ப குத்துச்சு ஐயா?"

"ஒண்ணும் குத்தலையேம்மா."

டாக்டர் அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். குமாரசாமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இது எங்க தறி ஆணி. போன மாசமே காணோம்னு தேடிக்கினு இருந்தோம்," என்றார். கூட வந்திருந்த மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "கெடச்சிருச்சு," என்றும் சொன்னார்.

டாக்டர் பிறகு ஒரு பரிசோதனை செய்தாள். நைலான் இழை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "கண்ண மூடிக்குங்க. இது தொடறப்பல்லாம் ஆமான்னு சொல்லுங்க," என்றாள். குமாரசாமி சந்நிதியில் நிற்பதுபோலக் கண்ணை மூடிக் கையும் கூப்பிக்கொண்டார். டாக்டர் குதிகாலில் தொட்டாள், நடுப்பாதத்தில் தொட்டாள், விரல் ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒரு சத்தமும் இல்லை. இடது காலுக்குப் போனாள். அங்கேயும் இல்லை.  கமலாட்சி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் குமாரசாமி கண்ணை மூடியபடியே மரியாதையாகக் கேட்டார்: "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

டாக்டர் இழையைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னாள். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது. சூடு தெரியாது, குத்தினால் தெரியாது. நாலைந்து வருஷமாகவே இப்படித்தான் இருந்திருக்கும். விரலை எடுத்துவிட்டால் காலைக் காப்பாற்றிவிடலாம்.

விரலை எடுத்த மறுநாள் குமாரசாமி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கமலாட்சி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"கமலா."

"இன்னாப்பா?"

"அப்ப அது சாமி இல்லையா?"

அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். அது ஏற்கனவே ஆறிப்போயிருந்தது.  உற்சவத்தில் அவர் காலில் ஊற்றின தண்ணீரை அவளும்தான் தலையில் தெளித்துக்கொண்டவள்.

வீட்டுக்கு வந்த பிறகு புவனேஸ்வரி ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். விஷயத்தை எல்லாம் கேட்டாள். உச்சுக்கொட்டினாள். எழுந்து போகிற நேரத்தில் வாசலில் கமலாட்சியை நிறுத்தி, "எல்லாம் சரிதாம்மா. நரம்புன்னே வெச்சுக்குவோம். அப்ப எம்பையன் எப்படி கணக்குல பாஸ் ஆனான்?" என்று கேட்டாள். 

டாக்டர் ஒரு செருப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். கறுப்பாக, தடிமனாக, உள்ளே மெத்தை வைத்து, மேலே ஒட்டுகிற பட்டை வைத்த செருப்பு. "வெளிய மட்டும் இல்ல, வீட்டுக்குள்ளயும் இது இல்லாம ஒரு அடி வெக்கக்கூடாது. இன்னொரு புண் வந்தா விரலோட நிக்காதுங்க," என்று கமலாட்சியிடம் தனியாகச் சொன்னாள். அதைக் கேட்ட நாளிலிருந்து கமலாட்சிக்கு ஒரே கவலைதான். அப்பா காலைக் கீழே வெறுமனே வைக்காமல் இருக்கவேண்டும். உலகத்தில் வேறு எதுவும் எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்ளட்டும்.

"வூட்டுக்குள்ள செருப்பா?" என்றார் குமாரசாமி. "சாமி படம் கீது, தறி கீது, தறியில பட்டு கீது. அது எதிர்ல செருப்பு போட்டுக்கினு நடக்கச் சொல்றியா?"

"டாக்டரம்மா சொல்றாங்கப்பா."

"அந்தப் பொண்ணு வூட்ல தறி இல்ல. அதுக்கு எப்படித் தெரியும்?"

இருந்தாலும் மகள் முகத்துக்காகப் போட்டுக்கொண்டார். அவள் பட்டு வாங்க சொசைட்டிக்குப் போனால் செருப்பு வாசலுக்குப் போய்விடும். தெருமுனையில் அவள் குரல் கேட்டால் காலுக்கு வந்துவிடும். மாதங்கள் கழித்து டாக்டர் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்களே ஐயா," என்றாள். அடியில் கடைக்காரன் ஒட்டின விலைச் சீட்டு ஒரு முனைகூடத் தேயாமல் இருந்தது. கமலாட்சி அதைப் பார்த்தாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

 வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, "ஏம்பா, உன் காலு போனா நான் இன்னாப்பா செய்வேன்?" என்று மட்டும் கேட்டாள். அவர் அன்று முழுக்கச் செருப்போடு இருந்தார். அன்று மட்டும்.

அடுத்த சித்திரை வந்தது. கொடி ஏறுவதற்கு முன்னால் கமலாட்சி சீர்பாதத் தலைவர் நமச்சிவாயத்தின் வீட்டுக்குப் போனாள்.

"சித்தப்பா, இந்த வருசம் அப்பாவுக்குத் தண்டு குடுக்காதீங்க."

நமச்சிவாயம் வெற்றிலையை மடித்துக்கொண்டே யோசித்தார். "நான் எப்படிம்மா சொல்லுவேன்? எனக்குத் தோள் மாத்தக் கத்துக் குடுத்தவரே அவரு. வந்து நின்னார்னா, நகருன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?"

வாய் வரவில்லை. முதல் நாள் காலையில் குமாரசாமி குளித்து விபூதி பூசிக்கொண்டு முன்தண்டில் வலது பக்கம் போய் நின்றார்.  சங்கு ஊதியதும் தூக்கினார்கள். கட்டைவிரல் இல்லாத காலில் பாரம் ஏறியபோது அந்தக் கால் பிடி கொள்ளாமல் வழுக்கியது. தண்டு சரிந்தது. சாமி ஒரு பக்கமாகச் சாய்ந்தார். கூட்டம் "சிவா!" என்று கத்தியது. பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

குமாரசாமி தாமாகவே தண்டுக்கு வெளியே வந்துவிட்டார். மேல்துண்டை எடுத்து நமச்சிவாயத்தின் தோளில் போட்டார். "நீ நில்லுப்பா," என்றார்.

கமலாட்சிக்கு அழுகையும் வந்தது, நிம்மதியும் வந்தது. நிம்மதி ரொம்ப நேரம் நிற்கவில்லை. சாமி நகர்ந்ததும் அப்பாவும் பின்னாலேயே நகர்ந்தார், வெறுங்காலோடு.

"தூக்கத்தான் முடியல. கூட நடக்கக்கூடவா முடியாது?" என்றார்.

"செருப்ப போட்டுக்கினு நட."

"சாமி பின்னாலயா? கமலா, இன்னா பேசற நீ?"

 அவள் வீட்டுக்குள் ஓடிப்போய்க் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவர் அடி வைக்கிற இடத்தில் எல்லாம் முன்னாலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனாள். தண்ணீர் தீர்ந்தால் எந்த வீட்டுக் குழாயிலாவது பிடித்துக்கொள்வாள். காலையிலும் மாலையிலும் இதே வேலை. தார் சுற்றுகிற வேலை நின்றுபோயிற்று. அப்பாதுரை ராத்திரியில் தானே தார் சுற்றி, பகலில் தானே நெய்தார். உற்சவத்துக்கு வந்திருந்த வெளியூர் அம்மாள் ஒருத்தி கமலாட்சியைக் கையெடுத்துக் கும்பிட்டு, "இன்னா வேண்டுதலும்மா?" என்று கேட்டாள்.

"பத்தாவது விரல் போவாம இருக்கணும்," என்றாள் கமலாட்சி. அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை கும்பிட்டாள். பிறகுதான் கமலாட்சிக்கு நினைவு வந்தது, இருப்பதே ஒன்பதுதான்.

ரோடு நீளமானது, குடம் சின்னது. தேர் அன்று சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்தபோது இடது உள்ளங்காலில் ஒரு கொப்புளம் இருந்தது. அது ஒரு ரூபாய்க் காசு அகலம். வேட்டித் துண்டில் ஈரம் ஒட்டியது.

"எல்லாம் இருக்குதாம்மா?"

அவள் துண்டை மடித்து வைத்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் வராததால் குமாரசாமிக்கு விஷயம் புரிந்தது.

அன்று ராத்திரியே டாக்டர் நித்யா தோலை வெட்டிச் சுத்தம் செய்து கட்டுப் போட்டாள். அவள் சத்தம் போட்டிருந்தால் குமாரசாமி பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவள் சத்தம் போடவில்லை. "இது ஆறும். ஆனா அடுத்தது ஆறலைன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துடுவாங்க ஐயா. நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றாள். குமாரசாமி தலையை ஆட்டினார். கட்டு அவிழ்க்கிறவரைக்கும் நடக்கவே கூடாது என்பது உத்தரவு.

மறுநாள் எட்டாம் திருவிழா. அன்று காலையில் சாமி பிட்சாடனராக வருவார். உலகத்துக்கே படியளக்கிறவர் கையில் திருவோடு ஏந்திக்கொண்டு பிச்சைக்குப் புறப்படுகிற நாள். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. அன்று சாமி வீட்டுக்கு வீடு நிற்பார். வீட்டுப் பெண்கள் முறத்தில் அரிசி கொண்டுவந்து போடுவார்கள். எந்த வீட்டையும் தாண்டிப் போகமாட்டார்.

அப்பாதுரை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாமனாரை உட்காரவைத்தார். கட்டுப் போட்ட காலுக்கு ஒரு முக்காலி. குமாரசாமி உம்மென்று உட்கார்ந்திருந்தார். பிட்சாடனரை அவர் தூக்காத வருஷம் இல்லை. உட்கார்ந்து பார்த்த வருஷமும் இல்லை.

சாமி அவர்கள் வாசலுக்கு வந்து நின்றார். நமச்சிவாயம் கண் காட்ட, ஆட்கள் தண்டைத் தோளிலிருந்து இறக்கி முட்டுக்கட்டைகளின் மேல் நிறுத்தினார்கள். சாமி இடுப்பு உயரத்துக்கு வந்தார். கமலாட்சி முறத்தோடு முன்னால் போனாள். மற்றவர்கள் எல்லாம் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவளுக்குப் பழகின பழக்கம், கண் நேராகக் காலுக்குப் போயிற்று.

அரிசியைப் போடாமல் நின்றாள்.

"போடும்மா, நேரம் ஆவுது," என்றார் குருக்கள்.

"சாமி, இவரு கால்ல இன்னா அது?"

"எது? பாதுகை. பிட்சாடனருக்குப் பாதுகை உண்டேம்மா. காட்டுக்கு நடந்து போறாரே, வெறுங்காலோட எப்படிப் போவார்?"

கமலாட்சி திரும்பினாள். "அப்பா! இங்க பாரு!"

"பாத்துக்கினுதான் இருக்கேன்."

"மூஞ்சிய இல்ல. காலப் பாரு."

குமாரசாமி கண்ணைச் சுருக்கினார். அவருக்கு மினுமினுப்பு மட்டும்தான் தெரிந்தது. குருக்களுக்கு என்ன புரிந்ததோ, கற்பூரத்தட்டை மேலே ஏற்றாமல் சாமி பாதத்தின் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாதுரை நாற்காலியை மாமனாரோடு சேர்த்துத் தூக்கி முன்னால் வைத்தார்.

குமாரசாமி பார்த்தார். பாதத்துக்கு அடியில் தடிமனாக ஒன்று. விரலுக்கு நடுவில் ஒரு குமிழ். இரண்டு காலிலும்.

"இது எப்பலேர்ந்து?" என்று கேட்டார்.

"எப்பலேர்ந்தா? வார்த்தப்பவே அப்படித்தான்."

"நான் பாத்ததே இல்லையே!"

"நீங்க எப்படிப் பாப்பீங்க அண்ணா?" என்றார் நமச்சிவாயம். "முன்தண்டுல நிக்கிறவனுக்கு சாமி முதுகுக்குப் பின்னாலதான?"

 கமலாட்சி அரிசியைப் போட்டாள். சாமி எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனார்.  சாயங்காலம் கட்டு நனையாமல் இருக்கிறதா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது, குமாரசாமி தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்:

"வீதிக்கு மட்டும் இல்ல. உள்ள நிக்கிறப்பவும் அதோடதான் நிக்கிறாரு. கழட்டறதே இல்ல."

"ஆமாப்பா," என்றாள் கமலாட்சி. அவளுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

"ஆனா அது கட்டை. நீ வாங்கினது ரப்பரு."

அவள் வந்த மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கால் ஆறியதும் குமாரசாமி அப்பாதுரையை அனுப்பித் தறிச் சாமான் செய்கிற ஆசாரியை வரவழைத்தார். சாமிக்கு இருக்கிற மாதிரியே பாதக்குறடு ஒரு ஜோடி வேண்டும் என்றார். டாக்டர் என்ன சொல்லுவாளோ என்று கமலாட்சி தவித்தாள். ஆசாரி நல்ல மரமாகப் பார்த்து இழைத்துக் கொண்டுவந்தார். இடது குறடு கச்சிதமாக நின்றது. வலது குறட்டில் குமாரசாமி காலை வைத்தார். தூக்கினார். குறடு தரையிலேயே இருந்தது. மறுபடி வைத்தார். மறுபடி அது அங்கேயே இருந்தது.

ஆசாரி குனிந்து பார்த்தார். "குமிழை இடுக்கிப் பிடிக்கக் கட்டைவிரல் வேணுமேங்க. உங்களுக்கு அது இல்லையே."

எல்லாரும் கொஞ்ச நேரம் அந்தக் காலைப் பார்த்தார்கள்.

"சரி," என்றார் குமாரசாமி கடைசியில். "அந்த ரப்பரையே குடு. அதுல பட்டை கீது."

கமலாட்சி வீட்டுக்குள் போடுவதற்கு என்று தெருவையே மிதிக்காத புது ஜோடி ஒன்று வாங்கினாள். போடும் முன் குமாரசாமி அதன் பட்டைமேல் விபூதி வைக்கச் சொன்னார். வைத்தாள். பையில் எடுத்துப்போய்க் காட்டியபோது டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன வெள்ளையா, பவுடரா?" என்று கேட்டாள். "ஆமாங்க," என்றாள் கமலாட்சி. குறட்டுக் கட்டைகள் வீணாகவில்லை. தறிக்கால் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, அப்பாதுரை அதற்கு அடியில் கொடுத்துவிட்டார்.

மார்கழியில் திருவாதிரைக்கு நடராஜர் வீதிக்கு வந்தார். விடிந்து பனி விலகுகிற நேரம். குமாரசாமி சாமிக்குப் பின்னால் பத்தடி விட்டு, கறுப்புச் செருப்போடு நடந்தார். கமலாட்சி பக்கத்தில் நடந்தாள். இடுப்பில் குடம் இல்லாமல் நடப்பது அவளுக்கு என்னவோபோல இருந்தது. தெருவே பார்த்தது. புவனேஸ்வரிதான் வாயைத் திறந்தாள்.

"இன்னா மாமா இது, சாமி பின்னால செருப்போட வரீங்க?"

"சித்திரையில உன் வூட்ல அரிசி வாங்கிக்கினு போனாரே, அவரு இன்னா போட்டுக்கினு வந்தாருன்னு பாத்தியா?"

"அது பிட்சாடனரு. ஐயரு சொன்னாரு, நானும் கேட்டுக்கினேன்." புவனேஸ்வரி லேசில் விடுகிறவள் இல்லை. முன்னால் போகிற நடராஜரைக் கையால் காட்டினாள். "இவரு போடலையே!"

குமாரசாமி நின்றார். நடராஜரைப் பார்த்தார்.  இத்தனை நாள் கட்டிக் காத்தது இங்கே தெரு நடுவில் கழன்றுவிடுமோ என்று கமலாட்சி அப்பாவின் காலையே பார்த்தாள்.

"இவருக்கு ஒரு காலு மேல தூக்கிக்கினு கீது," என்றார் குமாரசாமி நிதானமாக. "இன்னொரு காலு முயலகன் முதுவு மேல கீது. தரையில படற காலு எங்க கீது, காட்டு."

புவனேஸ்வரி காட்டவில்லை. அவர் நடந்தார்.

சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் தறி நின்றது. முக்காலி வந்தது. கமலாட்சி டார்ச் அடித்தாள். வேட்டித் துண்டு வெள்ளையாகவே இருந்தது. கழற்றி வைத்த செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். விலைச் சீட்டு ஒட்டியிருந்த இடம் தேய்ந்து, எண் எல்லாம் போயிருந்தது.

"எல்லாம் இருக்குதாம்மா?"

"ஒன்பது இருக்குதுப்பா."

"கோயில்ல சக்கரைப் பொங்கல் குடுத்தாங்க, ஒரு வாய்தான் தின்னேன்," என்றார் குமாரசாமி. "அது பிரசாதம்."

கமலாட்சி செருப்பைக் கீழே வைத்துவிட்டு, ஊசியை எடுத்துவர எழுந்தாள்.